அப்பா கடலில் விழுந்தால் படகை யார் நிறுத்துவது?

பாய்மரப் படகிலேயே குடியிருந்து பிள்ளை வளர்ப்பவர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "குழந்தை தண்ணீரில் விழுந்துட்டா?" நியாயமான பயம்தான். ஆனால் ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருக்கும் படகில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறு. பிள்ளை விழுந்தால் படகைத் திருப்ப ஆள் இருக்கிறது. அப்பாவோ அம்மாவோ விழுந்துவிட்டால், ஒன்பது வயதுப் பிள்ளையோடு படகு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஐந்து நாட் (மணிக்குச் சுமார் ஒன்பது கிலோமீட்டர்) வேகத்தில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 150 மீட்டர். ஒரு மீட்டர் அலை இருந்தாலே அந்தத் தூரத்தில் மிதக்கும் தலையைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

அதனால் படகு வாழ்க்கையின் எளிமைக்கு நான் வைக்கும் சோதனை இதுதான்: அந்தப் பிள்ளையால் தனியாக அந்தப் படகை நிறுத்த முடியுமா? முடியாதென்றால், அதில் ஃபிரிட்ஜும் டிவியும் இல்லை என்று பெருமைப்படுவதில் அர்த்தமே இல்லை.

28, 30 அடிப் படகு இருவருக்குத் தாராளம். படகைத் திருப்பச் சக்கரத்தைவிடக் கைப்பிடிச் சுக்கான் நல்லது. அதை ஓட்டும் தானியங்கிக் கருவியின் தண்டு, கைப்பிடியில் உள்ள ஒரு சிறு முளையில்தான் மாட்டியிருக்கும். தூக்கினால் கழன்றுவிடும். சக்கரம் வைத்த படகிலோ எந்தப் பட்டன், எந்த மெனு என்று பதற்றத்தில் தேட வேண்டியிருக்கும்.

பிள்ளைக்குப் பழக்க வேண்டிய வரிசை இது. முதலில் மிதவையைத் தூக்கிப் போடு. தானியங்கியின் தண்டைக் கழற்று. முன்பாயின் கயிற்றை, அதைச் சுற்றி இறுக்கும் வின்ச் என்ற உருளையிலிருந்து முழுக்க அவிழ்த்து விடு. சுக்கான் கைப்பிடியைக் காற்று போகும் பக்கம் தள்ளி, அங்கே எப்போதும் தயாராகத் தொங்கும் ரப்பர் கயிற்றில் மாட்டு. படகு காற்றை நோக்கித் திரும்பி, பாய் படபடத்து, வேகம் இறங்கும். இந்தக் கடைசிப் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கைப்பிடியைச் சும்மா விட்டால் சில படகுகள் நின்ற மாதிரி நின்று, மறுபடி காற்றைப் பிடித்து ஓடத் தொடங்கும். எந்தக் கயிறு என்று குழம்பாமல் இருக்க முன்பாய்க் கயிறுகளுக்கு மட்டும் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். எஞ்சினைக் கியரில் போடக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லி வைக்க வேண்டும். நீரில் இருப்பவர் பக்கத்தில் சுழலும் புரொப்பெல்லர் கத்திக்குச் சமம்.

காற்று பின்னாலிருந்து வரும்போது இந்த வரிசை பலிக்காது. பூம், அதாவது பெரிய பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கழி, புரண்டு அடிக்காமல் இருக்க அதை முன்பக்கம் இழுத்துக் கட்டியிருப்பீர்கள். பிள்ளை கைப்பிடியைத் தள்ளினாலும் பெரிய பாய் விறைத்தே நிற்கும். அப்படிப்பட்ட நாளில் பெரிய பாயை இறக்கிவிட்டு முன்பாய் மட்டும் வைத்து ஓட்டுங்கள். ஒரு நாட் குறையும், குறையட்டும்.

அடுத்தது, படகுகளும் கடலோரக் காவலும் பேசிக்கொள்ளும் வி.ஹெச்.எஃப். ரேடியோ. மூடியைத் திறந்து சிவப்புப் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் அபாய அழைப்பு போகும். ஆனால் செட்டில் படகின் எம்.எம்.எஸ்.ஐ. எண், அதாவது படகை அடையாளம் காட்டும் ரேடியோ எண், பதிந்திருக்க வேண்டும், இல்லையேல் அந்த அழைப்பே போகாது. ஜி.பி.எஸ். இணைப்பும் வேண்டும், இல்லையேல் எங்கிருந்து வந்த அழைப்பு என்று தெரியாது. பிறகு சேனல் 16-இல் பேச வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதி ரேடியோ பக்கத்தில் ஒட்டுங்கள்: படகின் பெயர், இருக்கும் இடம், "அம்மா தண்ணீரில் விழுந்துவிட்டார், நான் தனியாக இருக்கிறேன்."

இவ்வளவும் விழுந்த பிறகுதான். விழாமல் இருப்பது பெரியவரின் கடமை. கேபின் படியில் நிற்கும்போதே ஹார்னஸின் (உடம்பில் அணியும் பாதுகாப்புப் பட்டையின்) வார்க் கொக்கியைப் படகில் மாட்டிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். இரண்டு மீட்டர் வார் இருந்தால் விழுந்த ஆள் படகோரம் இழுபட்டே மூழ்கலாம். தளத்தில் நடக்க ஒரு மீட்டர் வார் போதும். அதை மாட்டும் நீளப் பட்டை தளத்தின் நடுவை ஒட்டிப் போகட்டும். உருண்டைக் கயிறாக இருந்தால் காலடியில் உருளும், தட்டைப் பட்டைதான் சரி. பின்பக்க ஏணி, நீரிலிருந்தே இழுத்து இறக்கும்படி இருக்க வேண்டும். பிள்ளையின் லைஃப் ஜாக்கெட்டில் தொடையிடை வார் இல்லையென்றால், தண்ணீரில் ஜாக்கெட் மேலே போகும், பிள்ளை கீழே நழுவும். வாங்கியதும் கரையோரம் இறக்கிச் சோதித்துவிடுங்கள்.

தண்ணீர், கரண்ட் விஷயத்திலும் இதே கணக்குத்தான். மின்மோட்டார் பம்ப்பில் ஒரு குழாய் கசிந்தால் தொட்டித் தண்ணீர் முழுக்க ஒரே இரவில் அடித்தளத்துக்குப் போய்விடும். காலால் மிதிக்கும் பம்ப்பில் அந்தத் தொல்லை இல்லை. பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவினால் இருவருக்கும் நாளுக்கு 10 லிட்டர் போதும், 200 லிட்டர் இருபது நாள் வரும். ஃபிரிட்ஜ் இல்லையென்றால் 100 வாட் சோலார் பலகையே விளக்குக்கும் ரேடியோவுக்கும் தாங்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடியில் தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். சமைத்து முடித்ததும் சிலிண்டரிலேயே மூடும் பழக்கம் பிள்ளைக்கும் வரட்டும்.

இப்படி வாழத் தோதான இடம் கேட்டால் கரீபியனில் செயின்ட் வின்சென்ட் முதல் கிரெனடா வரையிலான தீவு வரிசையைத்தான் சொல்வேன். பெக்குவே, யூனியன், கரியக்கூ என்று பகலிலேயே தீவுக்குத் தீவு தாவலாம். கரியக்கூவிலிருந்து கிரெனடாவுக்கு வரும் வழியில் கிக்-எம்-ஜென்னி என்ற கடலடி எரிமலை இருக்கிறது. சாதாரண நாளிலேயே அதைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் போகத் தடை. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். கிரெனடா தெற்கே இருப்பதால் பாதுகாப்பு என்று நம்பியவர்களுக்கு 2004-இல் இவான் புயல் வந்தது. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கரியக்கூவைத் துவம்சம் செய்தது. மாங்குரோவ் காட்டுக்குள் கட்டி வைத்த படகுகள் பலவும்கூடத் தப்பவில்லை. அந்த மாதங்களில் இன்னும் தெற்கே உள்ள டிரினிடாட் தீவுக்குப் போய்விடுங்கள், அல்லது படகைக் கரையேற்றிவிட்டுப் பிள்ளையோடு ஊருக்குப் போங்கள்.

தீவு மாறும்போது நாடும் மாறும். யூனியன் செயின்ட் வின்சென்ட்டைச் சேர்ந்தது, கரியக்கூ கிரெனடாவைச் சேர்ந்தது. தனியாகப் பிள்ளையோடு வரும் அப்பாவிடமோ அம்மாவிடமோ, மற்றவரின் சம்மதக் கடிதத்தை அதிகாரிகள் கேட்கலாம். நோட்டரி கையெழுத்தோடு அதுவும், பிறப்புச் சான்றிதழும் தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும்.

கிரெனடாவிலிருந்து டிரினிடாட் இரவுப் பயணம். மேலே சொன்ன வரிசையைப் பிள்ளை யாரும் சொல்லாமலே செய்து காட்டும் வரைக்கும், அந்த ஒரு இரவுக்கு படகு தெரிந்த மூன்றாவது ஆள் ஒருவரை ஏற்றிக்கொள்ளுங்கள். டிக்கெட் செலவானாலும் பரவாயில்லை.