தீ சிறுத்தால் உடனே சிலிண்டரையா திட்டுவது?

கேஸ் அடுப்பின் நாபைப் பெரிய தீக்குத் திருப்பினாலும் தீ எழும்பவே மாட்டேன் என்கிறது. எவ்வளவு நேரம் ஆனாலும் தண்ணீரில் ஒரு குமிழி இல்லை. எரிச்சலாக வருகிறது. அதைவிடப் பெரிய எரிச்சல், யாரிடம் சொன்னாலும் "சிலிண்டர் தீர்ந்திருக்கும், மாத்துங்க" என்பதுதான். முதலில் பக்கத்துப் பர்னரைப் பற்றவைத்துப் பாருங்கள் ஐயா! அது நன்றாக எரிந்தால் சிலிண்டர் மேல் தப்பே இல்லை, கோளாறு அந்த ஒரு பர்னரில்தான். பொங்கி வழிந்தது காய்ந்துபோய் ஓட்டைகளை அடைத்திருக்கும். வட்டமாக எரிய வேண்டிய தீ, பல்லுப் போன வாய் மாதிரி அங்கங்கே விட்டு விட்டு எரியும். ஆறிய பிறகு பர்னரைக் கழற்றி, ஊறவைத்துத் தேய்த்து, ஈரம் போக உலர்த்தி மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் அடியில் கேஸ் வெளிவரும் ஜெட்தான் காரணமாக இருக்கும். மிகச் சின்ன ஓட்டை அது, கொஞ்சம் தூசி போதும் அடைக்க. சிலர் அதில் ஆணியை விட்டுக் குடைகிறார்களே, பார்க்கவே பதறுகிறது! ஓட்டை பெரிதானால் கேஸ் அதிகமாக வரும், காற்று போதாது, தீ மஞ்சளாகும், பாத்திரத்தில் கரி பிடிக்கும். கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவும் சேர்ந்து கிளம்பும், அதற்கு வாசனை கூடக் கிடையாது.

எல்லாப் பர்னரும் ஒன்றாக மங்கினால்தான் டியூப் மடிப்பு, ரெகுலேட்டர், அப்புறம் சிலிண்டர். கடுங்குளிரில் உள்ளே கேஸ் இருந்தும் அழுத்தம் குறையும். அதற்காகச் சிலிண்டரைப் படுக்க வைக்காதீர்கள், உள்ளே திரவமாக இருக்கும் கேஸ் அப்படியே டியூபுக்குள் இறங்கிவிடும்.