பேட்டரி மூடி இல்லாத பொம்மை

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு பொம்மை வாங்கினேன். தார்ப்பாயில் பழைய சார்ஜர், ரிமோட், ஓடாத கடிகாரம், ஒரு கை போன பார்பி, இதற்கெல்லாம் நடுவில் மல்லாந்து கிடந்தது. மஞ்சள் உடம்பு, இரண்டு கையிலும் துப்பாக்கி, வாய்க்கு வெளியே நீளமாக ஒரு நாக்கு. காலுக்குக் கீழே பச்சை நிறத்தில் வட்டப் பீடம்.

"எவ்ளோண்ணே?"

"எழுவது குடு சார். ஃபாரின் மாலு."

தூக்கித் திருப்பிப் பார்த்தேன். அதற்குள் அவரே முந்திக்கொண்டார். "பேட்டரி போடுற மூடி இல்ல சார், எங்கியோ உழுந்துட்ச்சு. ஷோகேஸ்ல வச்சிக்கினா நல்லாருக்கும். சரி, நாப்பது குடு."

மூடி விழவில்லை, அந்தப் பொம்மைக்கு மூடியும் கிடையாது பேட்டரியும் கிடையாது என்று சொல்லியிருந்தால் விலை மறுபடி எழுபதுக்கு ஏறியிருக்கும். வாயை மூடிக்கொண்டு நாற்பதை நீட்டினேன். கொஞ்சம் திருட்டுத்தனம்தான்.

அதன் பெயர் ட்ரிக்கர் ஹேப்பி. 2011 அக்டோபரில் ஆக்டிவிஷன் வெளியிட்ட ஸ்கைலேண்டர்ஸ் என்ற வீடியோ கேமின் முதல் பெட்டியிலேயே வந்த மூன்று பொம்மைகளில் ஒன்று. பீடம் பச்சை என்றால் முதல் வருஷச் சரக்கு. அடுத்ததுக்கு ஆரஞ்சு, அதற்கும் அடுத்ததுக்கு நீலம். இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அக்கா பையன் உபயம்.

அக்கா குடும்பம் பாரிஸ் பக்கம். நம்ம ஊரில் தெருவுக்கு நாலு வீட்டில் இந்தக் கதை இருக்கும், விளக்க வேண்டியதில்லை. ஜூலை பிறந்தால் பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார்கள். 2013-ல் ஒன்பது வயசுப் பையன் தன் பெட்டியில் டிவியில் மாட்டி ஆடுகிற வீ கன்சோல், ஒரு தட்டு, பிறகு காலுறைக்குள் ஒவ்வொன்றாகச் சுருட்டி வைத்த இருபது இருபத்தைந்து பொம்மைகள் என்று கொண்டுவந்து இறக்கினான். சட்டை நாலுதான் இருந்தது.

தட்டில் பொம்மையை வைப்பான். தட்டு ஒளிரும். அடுத்த நொடி அதே பொம்மை டிவிக்குள் உயிரோடு குதிக்கும். எடுத்துவிட்டால் ஆட்டம் நின்று, வேறு பொம்மையை வை என்று கேட்கும். எங்கம்மா ரெண்டு நாள் பார்த்துவிட்டு, "ஆவாகனம் பண்ற மாதிரி இல்ல வக்கிறான்" என்றார். அதைவிடச் சுருக்கமாக அந்த விளையாட்டை இதுவரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

விஷயம் பீடத்துக்குள் இருக்கிறது. ஒரு செப்புக் கம்பிச் சுருள், ஒரு சில்லு. தட்டுக்குள்ளும் ஒரு சுருள் உண்டு. அதிலிருந்து 13.56 மெகாஹெர்ட்ஸில் கிளம்பும் காந்தப் புலமே பொம்மைக்கான மின்சாரம். சென்னை மெட்ரோவில் கார்டைக் காட்டி உள்ளே போகிறோமே, அதற்கும் இதற்கும் ஒரே அலைவரிசை. வீட்டுக்கு வந்ததும் போனின் முதுகில் அந்தப் பச்சைப் பீடத்தை ஒட்டினேன். 'டுக்' என்று ஓர் அதிர்வு. 2011-ல் செய்த பொம்மை, எத்தனை வருஷம் எங்கெங்கே கிடந்ததோ, தொட்டதும் முழித்துக்கொள்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். இந்தப் பொம்மைகளைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே நண்பர்கள் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள்: பிள்ளைகளைக் காட்டிப் பெற்றவர்களிடம் காசு பிடுங்குகிற வித்தை. பாதி உண்மை. முதல் ஸ்கைலேண்டர்ஸில் 32 பொம்மைகள், எட்டு இனங்கள். மேஜிக், தண்ணீர், நெருப்பு என்று ஒவ்வோர் இனத்துக்கும் ஆட்டத்தில் தனித்தனிக் கதவு. அந்த இனத்துப் பொம்மை கையில் இருந்தால்தான் கதவு திறக்கும். பெட்டியில் கொடுத்த மூன்றை வைத்துக் கதையை முடித்துவிடலாம், ஆனால் எல்லாக் கதவும் திறக்க இன்னும் குறைந்தது ஐந்து வாங்கணும். பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற ஒன்பது வயசுப் பையனை நான் பார்த்ததில்லை. ஒன்று பத்து யூரோவுக்குப் பக்கம். அக்கா அப்போது புலம்பிய புலம்பல் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் பொம்மை சேர்க்கிற பைத்தியத்தை அமெரிக்காக்காரன் கண்டுபிடிக்கவில்லை சாமி. கடலூர் வண்டிப்பாளையத்தில் நவராத்திரிக்கு முன்னால் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வீடு களிமண், அச்சு, பெயின்ட் வாசனை. எங்க பெரியம்மா திருப்பாப்புலியூரிலிருந்து வருஷம் தவறாமல் அங்கே போய்க் கொலுவுக்குப் புதுசாக ஒரு பொம்மையாவது வாங்காமல் திரும்ப மாட்டார். தசாவதார செட்டில் ஒரு கூர்மம் உடைந்துபோய், அதே அளவில் அதே பச்சையில் இன்னொன்று கிடைக்க மூன்று வருஷம் அலைந்தார். செட் முழுசாக இல்லையென்றால் அவருக்குத் தூக்கம் வராது. அவரை யாரும் வியாபார வித்தைக்கு ஏமாந்தவர் என்று சொன்னதில்லையே.

பெரியம்மாவின் கூர்மம் செய்யாத ஒரு வேலையை இந்த நாக்கு நீட்டின பொம்மை செய்தது. ஆடியது எவ்வளவு, எந்த லெவல், எத்தனை காசு சேர்த்தது, என்ன வித்தை கற்றது, ஏன், பிள்ளை அதற்கு வைத்த செல்லப்பெயர்கூட, எல்லாம் பொம்மைக்குள்ளேயே பதிந்தது. கன்சோலில் இல்லை, கம்பெனி சர்வரில் இல்லை. ஒரு கிலோபைட் சில்லு. என் மருமகன் முத்தியால்பேட்டையில் ஒரு பையன் வீட்டுக்குத் தன் பொம்மையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவான். அங்கே இருந்தது பிளேஸ்டேஷன். இவனுடையது வீ. வேறு வேறு கம்பெனி, ஒன்றோடொன்று பேசாத ஜென்மங்கள். ஆனாலும் அந்த வீட்டுத் தட்டில் வைத்ததும் இவன் வளர்த்த அதே பொம்மை, அதே லெவலில் எழுந்து நிற்கும். அந்தப் பையனுக்குத் தமிழ், இவனுக்குப் பாதிப் பிரெஞ்சு. ரெண்டும் சேர்ந்து அன்றைக்குச் சாயங்காலம் போட்ட சத்தம் கொஞ்ச நஞ்சமில்லை.

இதை நினைத்துக்கொண்டு இன்றைக்குப் பிள்ளைகள் காசு கொட்டும் இடத்தைப் பாருங்கள். எதிர் வீட்டுப் பையன் பப்ஜியில் துப்பாக்கிக்கும் சட்டைக்கும் அவன் அம்மா போனிலிருந்து பணம் போட்டுக்கொண்டிருந்தான். 2020 செப்டம்பரில் அரசு தடை செய்தது, அக்டோபர் 30-ஆம் தேதியோடு இந்தியாவில் ஆட்டம் நின்றது. அடுத்த வருஷம் பிஜிஎம்ஐ என்று வேறு பெயரில் வந்தது, பழையதை மாற்றிக்கொள்ளவும் வழி செய்தார்கள். 2022 ஜூலையில் அதுவும் போனின் ஆப் கடையிலிருந்து காணாமல் போனது, 2023 மே மாசம் திரும்பியது. பையன் வாங்கிய சட்டை இந்தக் கூத்துக்கு நடுவில் யாருடையதாக இருந்தது? அவனால் அதை விற்க முடியாது. தம்பிக்குக் கொடுக்க முடியாது. சண்டே மார்க்கெட் தார்ப்பாயில் கிடக்கவும் வழியில்லை. காசு பிடுங்குகிறான் என்று பொம்மைக்காரனைத் திட்டியவர்கள் இதற்கு வாயே திறக்கவில்லை. கையில் கனமாக ஒன்று இருந்தால்தான் நமக்குச் செலவு என்றே தோன்றும்போல.

பொம்மைக்காரர்கள் கெட்டதும் அந்தக் கனத்தால்தான். ஸ்கைலேண்டர்ஸ் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து 2013 ஆகஸ்டில் டிஸ்னி இன்ஃபினிட்டி வந்தது, 2015-ல் லெகோ டைமென்ஷன்ஸ் வந்தது. கேம் வட்டு தீர்ந்தால் இன்னும் நாலு அடித்துக்கொள்ளலாம். பொம்மை அப்படியில்லை. எந்தப் பொம்மை எத்தனை விற்கும் என்று பல மாசம் முன்பே கணக்குப் போட்டு, அச்சு வார்த்து, கப்பலில் ஏற்றணும். கணக்குப் பிசகினால் கடைக்காரன் தலையில் மலை மாதிரி நிற்கும். 2016 மே மாசம் டிஸ்னி கடையை மூடியபோது அதற்காக எழுதிய நஷ்டக் கணக்கு மட்டும் 14.7 கோடி டாலர். ஸ்கைலேண்டர்ஸ் அந்த அக்டோபரோடு பெரிய வெளியீடுகளை நிறுத்தியது. லெகோ அடுத்த வருஷம். யூபிசாஃப்ட் 2018-ல் ஸ்டார்லிங்க் என்று விண்கலப் பொம்மையோடு தாமதமாக வந்து, ஆறே மாசத்தில் இனிப் பொம்மை கிடையாது என்று சொல்லிவிட்டது. கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவன் கதி.

தப்பிப் பிழைத்தது நின்டெண்டோவின் அமிபோ. 2014 நவம்பரில் பன்னிரண்டு பொம்மைகளோடு தொடங்கியது, இன்றைக்கும் புதுசு வருகிறது. அழகில் அதற்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அதன் மேல் அவ்வளவு மரியாதை இல்லை. அதன் சில்லில் மொத்தமே 540 பைட். கணினி ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு மூன்று பைட் எடுத்துக்கொள்ளும், ஆக 180 குறி. இந்தப் பத்தியே அதில் அடங்காது. ஒரு நேரத்தில் ஒரு கேமின் சேமிப்பைத்தான் எழுத முடியும், வேறொன்றில் வளர்க்கணும் என்றால் பழையதை அழிக்கணும். பல கேம்களில் பொம்மையைத் தொட்டுக் காட்டினால் ஒரு சட்டையோ ஒரு பெட்டி நிறையப் பரிசோ கொடுக்கும், அத்தோடு சரி. அது சாவி. ட்ரிக்கர் ஹேப்பி டைரி.

சரி, என் டைரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கணுமே. இங்கேதான் என் வாதத்தில் ஓர் ஓட்டை.

மருமகன் வளர்ந்தான், வேறு கன்சோலுக்குப் போனான், வீயையும் பொம்மைகளையும் எங்கள் ரெயின்போ நகர் வீட்டிலேயே விட்டுவிட்டான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் கொட்டியது, எங்கள் பக்கம் என்ன ஆகியிருக்கும் என்று புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும். டிவி ஸ்டாண்டின் மேல்தட்டில் இருந்த வீ பிழைத்தது, பக்கத்தில் இருந்த தட்டும் பிழைத்தது. அலமாரியின் அடித்தட்டில் இருந்த பொம்மைப் பெட்டி முழுகியது. தண்ணீர் வடிந்தபிறகு இருபத்து மூன்று பொம்மைகளையும் ஷாம்பு போட்டுக் கழுவி மாடியில் காயவைத்தேன். நாக்கு நீட்டினவன் அந்த இருபத்து மூன்றில் இல்லை, மருமகன் அவனை எப்போதோ தொலைத்துவிட்டான். மார்க்கெட்டில் என் கண்ணில் பட்டதற்கும் அதுதான் காரணம். காய்ந்தபிறகு ஒவ்வொன்றையும் போனில் ஒட்டிப் பார்த்தேன், அத்தனையும் 'டுக்'. பீடத்துக்குள் சில்லு பத்திரமாக அடைபட்டிருக்கிறது. இந்த வகைச் சில்லு எழுதியதைப் பத்து வருஷம் மறக்காது என்றுதான் செய்தவர்களே உத்தரவாதம் தருகிறார்கள். அதைத் தாண்டியும், புயல் தண்ணீரைத் தாண்டியும் முழிக்கிறது.

பொம்மைப் பெட்டியில் கூடவே கிடந்த ஒரு கட்டைவிரல் நீள டாங்கிள் (வீயில் சொருகுகிற குட்டிக் கருவி) மட்டும் சேற்றோடு போய்விட்டது. வீயின் முதல் தட்டு கம்பி இல்லாதது. தன்னுடைய டாங்கிளோடுதான் பேசும், வேறு எதோடும் பேசாது. அது இல்லாவிட்டால் தட்டு வெறும் தட்டு, இட்லி வைக்கக்கூட லாயக்கில்லை. டைரி என் கையில், அதைப் படிக்கிற கண்ணாடி கம்பெனி செய்தது, இப்போது செய்வதும் இல்லை. வண்டிப்பாளையத்துக் கூர்மத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. பெரியம்மாவுக்கு இந்த ஒரு பாயின்டைக் கொடுத்துவிடுகிறேன்.

பிறகு எப்படிப் பார்த்தேன் என்றால், கடலூர் மஞ்சக்குப்பத்தில் தெரிந்த தம்பி ஒருவன் முன்பு கேம் சென்டர் நடத்தினான். செல்போன் வந்து அதைத் தூக்கிச் சாப்பிட்டது. இப்போது அதே கடையில் ஜெராக்ஸ் எடுக்கிறான். பழைய எக்ஸ்பாக்ஸ் 360-ஐ விற்க மனசில்லாமல் வைத்திருக்கிறான், கம்பி வைத்த தட்டோடு. ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். ஜெராக்ஸ் மெஷின் மேலேயே தட்டை வைத்தான். பொம்மையை இறக்கினேன். ஒளிர்ந்தது. திரையில் நாக்கைத் தொங்கவிட்டபடி குதித்தான். லெவல் ஆறு. அந்த முதல் கேமில் உச்சமே பத்துதான், ஆக யாரோ நன்றாகவே ஆடியிருக்கிறார்கள். தலைக்கு மேல் ஒரு பெயர்.

"மினோவ்... இன்னாண்ணா இது?" என்றான் தம்பி.

மினு. பிரெஞ்சில் பூனைக்குட்டியைச் செல்லமாகக் கூப்பிடுகிற பெயர். இதுவும் யாரோ ஓர் அக்காவின் பெட்டியில், யாருடைய காலுறைக்குள்ளோ சுருண்டு ஜூலையில் வந்து இறங்கியதாகத்தான் இருக்கணும். யூகம்தான், ஆனால் பந்தயம் கட்டுவேன்.

தம்பி மெனுவுக்குப் போய், "ரீசெட் குடுத்துடவாண்ணா? ஒங்க பேரு போட்டுக்கலாம்" என்றான். வேண்டாம் என்றேன். ஒன்றரை மணி நேரம் ஆடினோம். நடுவில் ஆதார் ஜெராக்ஸ் எடுக்க வந்த அம்மா பொறுமையிழந்து, "பொம்மைய எடுத்துட்டு என் வேலையப் பாருப்பா" என்று சொல்லும்வரை. அதற்குள் மினு லெவல் ஏழுக்கு வந்திருந்தது.

இருபத்து மூன்று பொம்மைகள் இன்னும் அலமாரியில் நிற்கின்றன, இப்போது மேல்தட்டில். புதுச்சேரி, கடலூர் பக்கம் யார் வீட்டிலாவது பழைய சார்ஜர் டப்பாவில் வீ காலத்து ஸ்கைலேண்டர்ஸ் தட்டின் டாங்கிள் கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். பென் டிரைவ் மாதிரியே இருக்கும், கம்ப்யூட்டரில் சொருகினால் ஒன்றும் வராது. வீணாய்ப்போன பென் டிரைவ் என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டாங்கிள் மட்டும் வந்தால் போதாது, அது கூடப் பிறந்த தட்டும் வேண்டும். நாற்பது ரூபாய்க்கு மேலேயே தருகிறேன்.