பங்கஜ் அத்வானி பற்றிய வாட்சாப் செய்தி: எது உண்மை?

சுங்கை சிப்புட் வாட்சாப் குழுக்களில் இந்த வாரம், மேசையில் குச்சியால் பந்துகளைத் தட்டி ஆடும் ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் ஆட்டங்களின் இந்திய வீரர் பங்கஜ் அத்வானி பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது. "2014இல் ஷெஃபீல்டில் ரோனி ஓ'சல்லிவனைத் தோற்கடித்து பங்கஜ் அத்வானி தொழில்முறை ஸ்னூக்கர் உலக வெற்றியாளர் ஆனார், பகிருங்கள்" என்கிறது. ஊர் ஸ்னூக்கர் மையத்தில் அதை அச்சடித்து, குச்சிகள் அடுக்கிய சட்டத்துக்கு மேலேயே ஒட்டிவிட்டார்கள்.

இது தவறு. 2014 இறுதி ஆட்டத்தில் ரோனியை 18-14 என வென்றவர் மார்க் செல்பி. அந்தப் பட்டத்தை இந்தியர் யாரும் இதுவரை வென்றதில்லை.

அத்வானியின் உலகப் பட்டங்கள் பெரும்பாலும் ஐபிஎஸ்எஃப் (சர்வதேச பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் கூட்டமைப்பு) என்ற வேறு அமைப்பு நடத்தும் போட்டிகளில் வந்தவை. பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் இரண்டும் சேர்த்து 2024 வரை 28! முதலாவது 2003இல், 18 வயதில். இதற்கு மேல் என்ன பெருமை வேண்டும்?

தொழில்முறை ஸ்னூக்கர் சுற்றில் அவர் 2012இல் சேர்ந்தார். 2013 வேல்ஸ் ஓப்பனில் காலிறுதி வரை போனார், அதுவே பெரிய சாதனை. 2014இல் பில்லியர்ட்ஸில் கவனம் செலுத்த அந்தச் சுற்றை விட்டு விலகினார். தோற்று ஓடியதாக யாரும் நினைக்க வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் உலக ஸ்னூக்கர் டூர், ஐபிஎஸ்எஃப் இணையத்தளங்களில் முடிவுகளைப் பாருங்கள். நம் பிள்ளைகள் இதை நம்பி ஆட வருகிறார்கள், சரியான கதையே அவர்களுக்குப் போகட்டும். தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.