ஹெல்மெட்டைக் கழற்றியவன்

தம்பி: அவன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டான் அக்கா.

அக்கா: ஐயையோ, யாருடா? எதற்குக் கழற்றினான்?

தம்பி: கூட வந்த பெண் அவனை நம்பவில்லை. அதற்காகக் கழற்றிவிட்டான்.

அக்கா: கூட ஒரு பெண் இருந்தால் எல்லாம் கழன்றுவிடும். தலையில் அடி ஒன்றும் இல்லையே?

தம்பி: அடி எனக்குத்தான்.

அக்கா: நீ பின்னால் உட்கார்ந்திருந்தாயா? எங்கே அடி, காட்டு.

தம்பி: நெஞ்சில்.

அக்கா: எக்ஸ்ரே எடுத்தாயா?

தம்பி: அக்கா! 2001-லிருந்து முகத்தையே காட்டாமல் இருந்தவன் அவன்!

அக்கா: அத்தனை வருஷமும் ஹெல்மெட்டோடா? தலை அரிக்காதா?

தம்பி: மாஸ்டர் சீஃப் அக்கா! ஹேலோ வீடியோ கேம் ஹீரோ. சீரிஸாக எடுத்தார்கள். முதல் எபிசோடிலேயே கழற்றிவிட்டான்.

அக்கா: அடப்பாவி, நான் ஆஸ்பத்திரிக்குப் போகச் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். எப்போது வந்தது இது?

தம்பி: 2022.

அக்கா: 2022-ல் பட்ட அடிக்கு இன்றைக்கா ஒப்பாரி?

தம்பி: உனக்குப் புரியாது. அவன் முகத்தை ஏன் மறைத்தார்கள் தெரியுமா? விளையாடுகிற ஒவ்வொருவனும் உள்ளே இருப்பது தான்தான் என்று நினைக்க வேண்டும். அந்த ஹெல்மெட்டுக்குள் இருந்தது என் முகம்.

அக்கா: அப்படியானால் தயாரிப்பாளர் நல்ல காரியம்தான் செய்திருக்கிறார். உன் முகத்தைக் காட்டி எத்தனை எபிசோடு ஓட்ட முடியும்?

தம்பி: நீ சினிமாவைப் பற்றிப் பேசாதே. மார்வெல் சூப்பர்ஹீரோ வரிசையில் 22-வது படத்தை முதல் படமாகப் பார்க்கக் கிளம்பியவள்தானே நீ!

அக்கா: 2019-ல் எல்லோரும் ‘எண்ட்கேம்’, ‘எண்ட்கேம்’ என்றார்களே என்று, ‘என்னையும் கூட்டிப்போடா’ என்றேன். அதற்கு முன்னால் 21 படம் பார்க்கச் சொன்னாய். எதை எதற்குப் பிறகு பார்ப்பது என்று அட்டவணை வேறு. நான் கேட்டது டிக்கெட், நீ கொடுத்தது பாடத்திட்டம்.

தம்பி: பார்த்திருந்தால் எல்லாம் புரிந்திருக்கும்.

அக்கா: எல்லாம் பார்த்த உனக்கு எது பிடித்தது? அதைச் சொல் முதலில்.

(இந்தக் கேள்வியை எந்த ரசிகரிடமும் கேட்டுப் பாருங்கள். பிடிக்காததைக் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்பவர்கள், பிடித்ததைக் கேட்டால் கூரையைப் பார்ப்பார்கள்.)

தம்பி: பிடிக்கிற மாதிரி எங்கே எடுக்கிறார்கள்? ரெசிடென்ட் ஈவில் வீடியோ கேமையே எடுத்துக்கொள். 2002-ல் ஆரம்பித்தார்கள். கதாநாயகி ஆலிஸ். ஆட்டத்தில் அப்படி ஒருத்தியே கிடையாது. அவளை வைத்தே ஆறு படம்!

அக்கா: நீ எத்தனை பார்த்தாய்?

தம்பி: ஆறும்.

அக்கா: பிடிக்காமலா?

தம்பி: எந்த அளவுக்குக் கெடுத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டாமா?

அக்கா: அது முதல் படத்திலேயே தெரிந்திருக்குமே. சரி, அந்தப் பெண்ணாவது ஹெல்மெட் போட்டிருந்தாளா?

தம்பி: அக்கா, ஹெல்மெட்டை விடு.

அக்கா: நான் எங்கே போட்டேன், விடுவதற்கு? அப்புறம், ஆட்டத்தில் இருக்கிற ஆட்களை வைத்தே யாரும் எடுக்கவில்லையா?

தம்பி: 2021-ல் எடுத்தார்கள். கிறிஸ், கிளேர், லியோன், ஜில், எல்லோரும் இருந்தார்கள். பெரிதாக ஓடவில்லை.

அக்கா: நீ பார்த்தாயா?

தம்பி: விமர்சனம் பார்த்தேன்.

அக்கா: அதாவது, இல்லாதவளுக்கு ஆறு டிக்கெட். இருப்பவர்களுக்கு ஒன்றுகூட இல்லை.

தம்பி: அது வேறு, இது வேறு.

அக்கா: ஒவ்வொன்றும் உனக்கு வேறுதான். மாரியோவாவது தேறியதா?

தம்பி: 1993-ல் எடுத்த படம் மகா மோசம். ஆட்டத்தில் வருகிற காளான் ராஜ்ஜியத்தைக் காட்டச் சொன்னால் இருட்டுச் சந்துகளைக் காட்டினார்கள். ஆட்டத்துக்கும் படத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அக்கா: 2023-ல் கார்ட்டூனாக வந்ததே? குழாய், காளான், கார் ரேஸ் எல்லாம் அப்படியே இருந்ததே? 130 கோடி டாலருக்கு மேல் வசூல் என்று நீதானே சொன்னாய்?

தம்பி: அதில் கதை எங்கே இருக்கிறது? ஆட்டத்தை அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். சொந்தமாக யோசிக்க வேண்டாமா?

அக்கா: யோசித்தால் துரோகம். யோசிக்காவிட்டால் சோம்பேறித்தனம். உனக்குப் படம் எடுக்கிறவனுக்குத்தான்டா ஹெல்மெட் தேவை.

தம்பி: நல்லதும் பார்த்திருக்கிறேன். தி லாஸ்ட் ஆஃப் அஸ் சீரிஸ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்றாவது எபிசோடில் பில், ஃபிராங்க் கதையை மாற்றிவிட்டார்கள். ஆட்டத்தில் ஃபிராங்கைப் பிணமாகத்தான் பார்ப்போம். இவர்கள் அவனை வாழவைத்து, கிழவனாக்கி...

அக்கா: அன்றைக்கு ராத்திரி நீ விசும்பி விசும்பி அழுதது அதற்குத்தானே?

தம்பி: அது கோபத்தில் வந்த அழுகை.

அக்கா: கோபத்திலா மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாய்?

தம்பி: நீ கிண்டல் பண்ணு. ரசிகர்கள் குரல் கொடுத்தால்தான் படம் உருப்படும். சோனிக் வீடியோ கேம் தெரியுமா? 2019 ஏப்ரலில் அந்தப் படத்துக்கு டிரெய்லர் விட்டார்கள். நீல முள்ளெலிக்கு மனுஷப் பல் வைத்திருந்தார்கள். வரிசையாக, வெள்ளை வெளேரென்று.

அக்கா: எலிக்குப் பல் இருந்தால் என்ன?

தம்பி: சோனிக்குக்கு அப்படிப் பல் கிடையாது! நாங்கள் கத்திய கத்தில் இயக்குநரே சரிசெய்கிறோம் என்று எழுதினார். நவம்பரில் வர வேண்டிய படத்தை 2020 பிப்ரவரிக்குத் தள்ளினார்கள். பல், கண், கால் எல்லாம் புதிதாகச் செய்தார்கள். அந்த மாற்றத்தில் வேலை செய்த ஒரு கிராஃபிக்ஸ் கம்பெனியின் வான்கூவர் ஸ்டுடியோவைப் படம் வருவதற்கு முன்பே, 2019 டிசம்பரில், மூடிவிட்டார்கள். இதெல்லாம் நிறையப் பேருக்குத் தெரியாது அக்கா.

அக்கா: மூடிவிட்டார்களா? அங்கே வேலை செய்தவர்கள்?

தம்பி: வேலை போய்விட்டது. கம்பெனி வேறு காரணம் சொன்னது. போட்டி அதிகம், சந்தை சரியில்லை என்று.

அக்கா: அதற்கு யாராவது கத்தினீர்களா?

தம்பி: ...

அக்கா: பல்லுக்குக் கத்தினீர்கள்.

தம்பி: நீ பேச்சை எங்கேயோ கொண்டுபோகிறாய்.

அக்கா: சரி, உன் வழிக்கே வருகிறேன். அந்த ஹேலோ என்ன ஆயிற்று?

தம்பி: இரண்டு சீசனோடு 2024-ல் நிறுத்திவிட்டார்கள்.

அக்கா: பிறகென்ன, நீங்கள் ஜெயித்துவிட்டீர்களே.

தம்பி: என்ன ஜெயிப்பு? ஹேலோ என்றால் என்ன? விண்வெளியில் மிதக்கிற பிரம்மாண்டமான வளையம். 2001 ஆட்டமே அங்கே போய் இறங்குவதில்தான் ஆரம்பிக்கும். சீரிஸில் இரண்டாவது சீசன் கடைசியில்தான் அந்த வளையத்தில் கால் வைக்கிறான். கதை ஆரம்பிக்கிற இடம் வந்ததும் இழுத்து மூடிவிட்டார்கள். மூன்றாவது சீசன் வந்தே ஆக வேண்டும்!

அக்கா: எதற்கு? திட்டுவதற்கா?

தம்பி: அக்கா, தொடர்ந்து எடுக்கச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். நீயும் ஒன்று போடு.

அக்கா: நான் ஒரு எபிசோடுகூடப் பார்த்ததில்லையே.

தம்பி: அதனால் என்ன? இதுவரை போட்டவர்களில் பாதிப் பேர் பார்க்கவில்லை.