இயற்கை ஒரு சுவரில், போர் இன்னொரு சுவரிலா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தாமஸ் பெய்ன்ஸ் ஓவியக் கண்காட்சிக்கு நண்பர்களோடு போயிருந்தேன். வெளியே வந்து பன்னி சாவ் (ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு நிரப்பிய உணவு) கடையில் உட்கார்ந்த பிறகும், படங்களை மாட்டிய விதம் பற்றிய எங்கள் சண்டை ஓயவில்லை. என் பக்கத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பெய்ன்ஸ் 1820இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வண்டிகளில் குலச்சின்னம் தீட்டப் பழகி, 1842இல் தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷார் ஆண்ட கேப் காலனிக்கு வந்தார். அந்த மண்ணின் சோசா மக்களுக்கு எதிரான எட்டாம் எல்லைப் போரில் (1850–53) பிரிட்டிஷ் படையோடு போய்ப் படம் வரைந்தார். கை தேர்ந்த கை, அதில் சந்தேகமே இல்லை. கற்றாழையின் ஒவ்வொரு மடலையும், பாறையின் ஒவ்வொரு வெடிப்பையும் பொறுமையாகத் தீட்டுகிறார். போர்ப்படங்களில் சோசா வீரர்களிடம் வரும்போது மட்டும் அந்தப் பொறுமை எங்கே போகிறது? புதருக்குள் புதராகக் கரைத்துவிடுகிறார்.

"அக்கா, படையின் சோற்றைத் தின்றவர் படையைத் திட்டி வரைவாரா?" என்றான் கூட வந்த தம்பி. நியாயம்தான். ஆனால் என் கோபம் ஓவியர்மேல் அவ்வளவாக இல்லை, படங்களை மாட்டியவர்கள்மேல். இயற்கைக் காட்சிகள் ஒரு சுவரில், போர்ப்படங்கள் இன்னொன்றில். சோசா மக்கள் வாழ்ந்த அமத்தோலா மலைச்சரிவுகளில்தான் அந்தப் போரின் பெரும்பகுதி நடந்தது. போர் முடிந்ததும் சோசா மக்களை அங்கிருந்து விரட்டினார்கள். பிறகு எப்படி இரண்டு சுவர்?

பெய்ன்ஸ் என்ற மனிதர்மேல் எனக்கு இரக்கமும் உண்டு. ஆப்பிரிக்காவை ஆராய்ந்த லிவிங்ஸ்டனின் சாம்பெசி ஆற்றுப் பயணத்தில் திருட்டுப் பழி சுமத்தி அவரை விலக்கினார்கள். அப்படியும் 1862இல் விக்டோரியா அருவிக்குப் போய் வரைந்தார்!

என்னை நிறுத்திய படம் வேறு. 1873இல் டர்பனின் பெரியா குன்றின் மேல் ஒரு வெள்ளைக்காரர் வீட்டிலிருந்து பார்த்த டர்பன். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்பே, 1860இல், சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல், கரும்புத் தோட்ட வேலைக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 342 பேரோடு இதே துறைமுகத்துக்கு வந்துவிட்டது. எங்கள் முன்னோர் இந்த ஊரை முதலில் பார்த்தது எதிர்ப்பக்கத்திலிருந்து, கப்பல் தட்டிலிருந்து. படத்தின் விளக்க அட்டையில் ஆண்டும் அளவும் இருக்கின்றன. கீழே கரும்பு வெட்டியவர்களைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

பெய்ன்ஸ் 1875இல் டர்பனிலேயே இறந்தார். வெஸ்ட் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அடுத்த வாரம் அங்கே போகலாம் என்கிறான் தம்பி. வருகிறேன் என்றேன், விவாதம் அங்கேயும் தொடரும் என்று சொல்லியே வைத்திருக்கிறேன்.