பேஸ் யாருக்குக் கேட்கிறது?

நேற்றிலிருந்து அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. யார், எந்தச் சேனல் என்று நான் எழுதப்போவதில்லை. எல்லாரும் பார்த்தாயிற்று. கச்சேரிச் செலவை எப்படிக் குறைப்பது என்ற கேள்விக்கு, பல வருஷமாக மெல்லிசைக் குழு நடத்தும் ஒருவர் சொன்ன பதில்: "முதல்ல பேஸ் கிட்டாரத் தூக்கிருங்க. அது யாருக்குக் கேக்குது? கீபோர்டுக்காரரு எடது கையிலயே வாசிச்சிருவாரு. அந்தக் காசுக்கு ரெண்டு ஷார்ப்பி லைட்டு சேத்துப் போடலாம்." பேட்டி எடுத்தவர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார். கீழே கமெண்டிலும் அதே சிரிப்பு.

நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். பாட்டுக்கு அடியில் ஓடும் தாழ்ந்த ஸ்வரங்களை வாசிக்கிற கிட்டார் அது. கச்சேரி முடிந்து வந்து படுத்தவன், தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

அவர் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். பேஸ் எல்லாருக்கும் கேட்கிறது. மேடைக்கு முன்னால் ஆடுகிற பையனுக்குக் கேட்கிறது. பந்திக்குப் போகிற வழியில் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போகிற பெரியம்மாவுக்கும் கேட்கிறது. இன்னது என்று பெயர் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். பெயர் தெரியாததும் காதில் விழாததும் ஒன்றா?

சாத்தான்குளம் பக்கம் ஒரு கோயில் கொடைத் திருவிழா. முதல் நாள் வில்லுப்பாட்டு, மறுநாள் எங்கள் கச்சேரி. நல்ல கூட்டம். குத்துப்பாட்டு நடுவில் என் கிட்டார் பேட்டரி இறங்கிவிட்டது. என்னுடையது ஆக்டிவ் பேஸ், உள்ளே 9 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். அது போனால் சத்தம் முதலில் கரகரக்கும், அப்புறம் மெலிந்து ஒன்றுமே இல்லாமல் ஆகிவிடும். டிரம்ஸ் ஓடுகிறது, எலக்ட்ரானிக் ரிதம் பேட் ஓடுகிறது, கீபோர்டு ஓடுகிறது, பாடகர் முழுத்தொண்டையில் பாடுகிறார். எதுவும் நிற்கவில்லை. ஆனால் முன்னால் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஒவ்வொருவராக வேகம் குறைந்து, மேடையைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் மேடைக்குப் பின்னால் மண்ணில் உட்கார்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் பின்மூடி ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வெற்றிலை போட்டிருந்த ஒரு பெரியவர் வந்து குனிந்து கேட்டார்: "என்ன தம்பி, ஒரு பாக்ஸ் அவிஞ்சு போச்சோ? நெஞ்சுல வந்து அடிச்ச சத்தத்தக் காணுமே."

பேஸ் கிட்டார் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. ஸ்பீக்கர் பாக்ஸ் ஒன்று போய்விட்டது என்றுதான் நினைத்தார். ஆனால் நெஞ்சில் அடித்த சத்தம் நின்றதை அவர் அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிட்டார். குழு நடத்துகிறவருக்கு அது கேட்கவில்லையாம்.

"ஃபோன்ல கேட்டா பேஸ் வரலையே" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருக்கிறார். உண்மைதான். என் கிட்டாரின் தடிமனான கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் நொடிக்குச் சுமார் 41 அதிர்வு. கைப்பேசியில் இருக்கும் பொட்டு ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே போக முடியாது. அப்படியும் 82, 123 என்று மேலே வரும் மடங்குகளை வைத்து அடி ஸ்வரத்தை மூளையே ஊகித்துக்கொள்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். கச்சேரி ஃபோனிலா நடக்கிறது? பந்தலில் நடக்கிறது. அடி சத்தத்துக்கென்றே இருக்கும் ஆள் உயர சப்வூஃபர் பாக்ஸ்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்குகிறீர்களே, அதற்குள் எதை அனுப்புவதாக உத்தேசம்? காலால் அடிக்கும் கிக் டிரம்மை மட்டுமா?

சரி, இடது கை விஷயத்துக்கு வருகிறேன். கீபோர்டு வாசிப்பவர்கள் பலர் என் நெருங்கிய நண்பர்கள், அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அவர்களிடமே கேட்டுப்பாருங்கள். ஒரு சினிமாப் பாட்டில் வயலின் கூட்டம், புல்லாங்குழல், வீணை, பெல் எல்லாவற்றையும் அந்த ஒரே ஆள்தான் மேடையில் வாசிக்கிறார். அவருடைய இடது கை சும்மாவா இருக்கிறது? அதைப் பிடுங்கி பேஸுக்குக் கொடுத்தால் பல ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் கார்ட்ஸை யார் பிடிப்பது?

அப்புறம், பேஸ் வாசிப்பது என்றால் ஸ்வரத்தை அடிப்பது மட்டும் என்று நினைக்கிறார்கள். எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் பாதி வேலை. கிக்கோடு சேர்ந்து அடித்த ஸ்வரத்தை, ஸ்னேர் டிரம் அடி விழுவதற்கு ஒரு இழை முன்னால் இடது கை விரலைத் தளர்த்திக் கொல்ல வேண்டும். கொஞ்சம் நீண்டால் பாட்டு சேறாகிவிடும், கொஞ்சம் முந்தினால் நொண்டும். இரண்டு விரலால் மீட்டும்போது நடுவில் ஸ்வரமே இல்லாத 'டக்' ஒன்று விழும், ஆட்டம் அதில்தான் இருக்கிறது. பாடகர் கச்சேரி நடுவில் திரும்பி "அண்ணே, தொண்ட சரியில்ல, ஒரு கட்ட எறக்கிருங்க" என்பார். கீபோர்டில் சுருதியை அப்படியே நகர்த்தும் ட்ரான்ஸ்போஸ் பட்டன் இருக்கிறது. எனக்குப் பட்டன் கிடையாது. பாட்டு மொத்தத்தையும் மனசுக்குள்ளேயே நகர்த்தி, நகர்த்திய இடத்தில் விரல் வைக்க வேண்டும், அதுவும் பல்லவி ஆரம்பிப்பதற்குள்.

கீபோர்டிலேயே உருவாக்கும் சிந்த் பேஸ் வைத்துத்தானே இப்போது பெரிய இசையமைப்பாளர்களே பாட்டுப் போடுகிறார்கள் என்று கேட்பீர்கள். ஆமாம், போடுகிறார்கள். அந்த மாதிரிப் பாட்டு வந்தால் நானே கீபோர்டு நண்பரிடம் "இத நீங்க வாசிங்க அண்ணாச்சி" என்று ஒதுங்கிக்கொள்வேன். பாட்டுக்கு எது வேண்டுமோ அதுதான் வர வேண்டும். ஆனால் கொடையில் கூட்டத்திலிருந்து பாட்டு கேட்டு வரும் சீட்டுகளைப் பாருங்கள், பாதிக்கு மேல் எண்பதுகளின் பாட்டு. இளையராஜா பேஸுக்கு என்று தனியாக ஒரு மெட்டே எழுதினார். பாடுபவர் ஒரு பக்கம் போக, பேஸ் இன்னொரு பக்கம் போய்ப் பதில் சொல்லிவிட்டு வந்து சேரும். அதை வாசித்த சசிதரன் என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏ.ஆர். ரஹ்மான் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததைக் கேட்டுக் கேட்டுத்தான் என் வயதுக்காரர்கள் எல்லாரும் இந்தத் தொழிலுக்கே வந்தோம். அந்தப் பாட்டுகளை பேஸ் இல்லாமல் மேடையில் போட்டு, நாலு லைட்டைச் சுழற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

நான் பாளையங்கோட்டை சர்ச் கொயரில், அதாவது பாடகர் குழுவில், வளர்ந்தவன். அங்கே கீதங்களை நாலு குரலில் பாடுவோம். குரல் உடைந்ததும் என்னைத் தாழ்ந்த குரலான பேஸ் வரிசைக்குத் தள்ளிவிட்டார்கள். மெட்டு உச்சக் குரலான சோப்ரானோவுக்கு. பேஸ் வரிசை தனியாகப் பாடினால் என்ன பாட்டு என்றே தெரியாது. ஆனால் ஒத்திகையில் எங்கள் வரிசையை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற மூன்றையும் பாடச் சொல்வார் கொயர் மாஸ்டர். பாட்டு காற்றில் தொங்கும். மறுபடி எங்களைச் சேர்ப்பார், வந்து தரையில் நிற்கும். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது கேட்டது. அதனால்தான் பிற்பாடு கிட்டார் வாங்கப் போனபோது நாலு கம்பி பேஸ் கிட்டாரை எடுத்தேன்.

இனி பட்ஜெட். இதுதான் உண்மையான காரணம் என்று எனக்குத் தெரியும். சின்ன ஊர், சின்ன வரவேற்பு, பெண் வீட்டுக்காரர் கொடுக்கிற தொகையில் வண்டி வாடகை, சவுண்ட், சாப்பாடு போக மிச்சத்தைத்தான் பிரிக்க வேண்டும். எனக்கும் கணக்குத் தெரியும். ஆள் குறைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் குறையுங்கள். போன மாதம்கூட ஒருவர் கூப்பிட்டு, "தம்பி, இந்தத் தடவ தொக கம்மி, மூணு பேர வச்சு ஒப்பேத்தணும், மன்னிச்சுக்கோ" என்றார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அடுத்த தடவை அவர் கூப்பிட்டால் ஓடுவேன். காசில்லை என்று சொல்லுங்கள், கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். முதலாவது உங்கள் நிலைமை. இரண்டாவது என் வாழ்க்கையையே ஒன்றுமில்லை என்று சொல்வது. இந்த வித்தியாசம் புரியாதவர் இல்லை அவர். புரிந்துகொண்டேதான் சொன்னார், சிரிப்பு வரும் என்பதற்காக.

எங்களுக்கு என்ன பெரிய காசு போகிறது? கீபோர்டுக்குக் கொடுப்பதில் பாதிதான் பேஸுக்கு, சில இடத்தில் அதுவும் இல்லை. மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் கிடையாது. ஆடியில் அம்மன் கோயில்கள் கொஞ்சம் காப்பாற்றும். பனிமய மாதா திருவிழா சமயத்தில் தூத்துக்குடிப் பக்கம் ஏதாவது வரும். இரவு பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்லிப் போலீஸ் வந்துவிட்டால், பேசிய தொகையிலும் பிடித்துக்கொண்டு தருவார்கள். 2020இல் பங்குனி, சித்திரை முகூர்த்தம் மொத்தமும் போனபோது என்ன பட்டோம் என்று அவருக்கும் தெரியும். அவரும் பட்டவர்தான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

நல்ல கம்பி ஒரு செட் 2,000 ரூபாய்க்கு மேல். பழைய கம்பி வியர்வையும் அழுக்கும் ஏறி மந்தமாகிவிடும். தூக்கிப் போட மனசு வராமல் கழற்றிச் சுருட்டி, பாத்திரத்தில் தண்ணீர் விட்டு அடுப்பில் கொதிக்க வைப்போம். பத்து நிமிஷத்தில் தண்ணீர் சாம்பல் நிறமாகி மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கும். எடுத்துத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டினால் சில கச்சேரிக்குப் பளிச்சென்று பேசும். என் மனைவி அதற்கென்று ஒரு பழைய குண்டானை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள். யாருக்கும் கேட்காத சத்தத்துக்காகவா ஒருவன் வீட்டு அடுப்பில் கம்பியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருப்பான்?

மேடையில் குழுவை அறிமுகம் செய்யும்போது பாருங்கள். பாடகர்கள், கீபோர்டு, டிரம்ஸ், தபேலா எல்லாருக்கும் பேர், கைதட்டல். அப்புறம் "மற்றும் நம் குழுவினர்" என்று ஒரு வரி. அந்த 'மற்றும்' நான்தான். இது நம் ஊரில் மட்டும் நடப்பதும் இல்லை. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஜேமர்சன் என்று ஒருவர், அறுபதுகளில் மோட்டவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் எத்தனையோ ஹிட் பாட்டுகளுக்கு பேஸ் வாசித்தவர். ஒரே ஒரு விரலால் மீட்டுவார். உலகமே அந்த பேஸுக்கு ஆடியது, இசைத்தட்டு உறையில் அவர் பெயர் இல்லை. 1971இல் பாடகர் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான் பெயர் அச்சில் வந்தது. 1983இல் அந்தக் கம்பெனியின் 25ஆம் ஆண்டு விழாவுக்கு அவரை அழைக்கவில்லை, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அதே வருஷம் இறந்துபோனார். இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2000இல். ஜேமர்சனுக்கே இந்தக் கதி என்றால் ஆலங்குளம் கல்யாண மண்டபத்தில் வாசிப்பவனுக்கு என்ன நடக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம்தான். எனக்கு அதில் சமாதானம் கிடைக்கவில்லை.

"ஏன் இவ்வளவு சீரியஸா எடுத்துக்கிறீங்க, சும்மா தமாஷுக்குச் சொன்னதுதானே" என்று எழுதப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னிடம் ஒரு தம்பி கற்றுக்கொள்கிறான், கல்லூரியில் படிக்கிறான். விடுமுறையில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில், போன வருஷம்தான் பேஸ் வாங்கினான். நேற்று அந்த வீடியோவை அனுப்பிவிட்டுக் கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "அண்ணா, நான் கீபோர்டுக்கு மாறிடட்டுமா?" இன்னும் அவனுக்கு நான் பதில் போடவில்லை. தமாஷ் என்கிறவர்கள் யாராவது அவனுக்கு பதில் எழுதுங்கள், நான் நம்பர் தரமாட்டேன், இங்கேயே எழுதுங்கள், அவன் படிப்பான்.

வேறு வேலை பார்க்கச் சொல்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. பகலில் வேறு வேலையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைசியாக. கமெண்டில் அவர் பெயரைப் போட்டு யாரும் திட்ட வேண்டாம், திட்டினால் அழித்துவிடுவேன். அவர் குழுவில் வாசிக்கிற பையன்களுக்கு அது பிழைப்பு. அதற்குப் பதிலாக உங்கள் ஊர்க் குழுவில் பேஸ் வாசிக்கிறவர் பெயரை எழுதுங்கள். தெரியாது என்றால், அடுத்த கொடையில் பாட்டுக்கு நடுவே மேடையின் ஓரத்துக்குப் போங்கள், டிரம்ஸுக்குப் பக்கத்தில்தான் நிற்பார், அவரிடமே கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள்.