நோயாளிக்கு மட்டுமல்ல, கூட இருப்பவருக்கும் தெரபி நாய் வர வேண்டும்

மருத்துவமனைக்கு தெரபி நாய், அதாவது மனதுக்கு ஆறுதல் தரப் பழக்கிய நாய், வருகிறது என்றாலே எல்லோர் மனதிலும் வருவது நோயாளிதான். கட்டிலுக்குப் பக்கத்தில் நாள் கணக்கில் உட்கார்ந்திருக்கும் மகளோ, இரவு டியூட்டி முடிந்தும் வீட்டுக்குக் கிளம்ப முடியாத நர்ஸோ யார் நினைவுக்கும் வருவதில்லை. நாய் வரும் நேரத்தில் ஒரு பகுதியை இவர்களுக்கென்றே ஒதுக்க வேண்டும் என்பேன். போகிற போக்கில் தடவிக்கொள்ளட்டும் என்று விட்டால் போதாது.

என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வருகிறவர்கள் எல்லோரும் "அம்மா எப்படி இருக்காங்க?" என்றுதான் கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லியே மனிதன் ஓய்ந்துபோகிறான். நாய்க்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. தைரியமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ளவும் வேண்டியதில்லை.

நன்றாகப் பழகிய தெரபி நாய் குரைக்காது, தாவாது. கூட்டி வருபவர் முதலில் அனுமதி கேட்பார். நோயாளி தலையசைத்த பிறகுதான் படுக்கை ஓரத்தில் சுத்தமான துணி விரிப்பார். நாய் மோவாயை அதன்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். ஊசி ஏறிய கை மெல்ல இறங்கி அதன் காதுமடலைத் தேடும். அந்த நேரத்தில் நோயாளியை விட்டுவிட்டு, பக்கத்து நாற்காலியில் இருப்பவரைப் பாருங்கள். தூக்கிப் பிடித்திருந்த தோள்கள் தானாகத் தாழ்ந்திருக்கும்.

இது என் ஆசை மட்டும் இல்லை. அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர்கள், நர்ஸ்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. ஷிப்டுக்கு நடுவே சிலருக்கு 5 நிமிடம் நாயோடு, சிலருக்கு வண்ணம் தீட்ட நேரம் கொடுத்தார்கள். ஷிப்ட் முடியும்போது, நாயோடு இருந்தவர்கள் தங்கள் மன அழுத்தம் குறைந்திருப்பதாகச் சொன்னார்கள். வண்ணம் தீட்டியவர்களுக்குக் குறையவில்லை. வெறும் 5 நிமிடம்! 1976-இல் தெரபி நாய்களுக்கென்று அமெரிக்காவில் ஓர் அமைப்பைத் தொடங்கிய எலெய்ன் ஸ்மித்தும் ஒரு நர்ஸ்தான். அப்படியிருக்க, நர்ஸ்களையே பட்டியலிலிருந்து விட்டுவிடுவது என்ன நியாயம்?

சரி, கிருமித் தொற்று? நியாயமான பயம்தான். அதற்கு விதிகள் இருக்கின்றன. மருத்துவமனைத் தொற்றுக்கட்டுப்பாட்டு நிபுணர்களின் அமெரிக்க அமைப்பான ஷியா (SHEA) 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாய்க்கு ஒரு வயதாவது ஆகியிருக்க வேண்டும். கடந்த 90 நாட்களில் பச்சை இறைச்சி தின்ற நாய்க்கு அனுமதி இல்லை. தொடுவதற்கு முன்னும் பின்னும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். நாய் என்றால் பயப்படுகிறவர்கள், ஒவ்வாமை உள்ளவர்கள் இருக்கும் அறைக்குள் அது போகவே கூடாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

நாய்க்கும் களைப்பு உண்டு. அடிக்கடி கொட்டாவி விடுவது, உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் 'போதும்' என்பதற்கு அடையாளம். அதைப் பார்த்ததும் வெளியே கூட்டிப்போய்விட வேண்டும். ஒரு வருகை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அதனால் ஊழியர்களையும் சேர்க்கிறோம் என்று ஒரே நாயை இன்னும் நான்கு அறைக்கு இழுத்தடிப்பது கொடுமை. இரண்டாவது நாய்க்கும் அதன் தன்னார்வலருக்கும் ஏற்பாடு செய்யட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆள் பற்றாக்குறையில் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்க்கிற நர்ஸுக்கு முதலில் வேண்டியது இன்னொரு நர்ஸ். நாயைக் கொண்டுவந்துவிட்டோம் என்று காட்டி நிர்வாகம் அந்தக் கடமையிலிருந்து நழுவக் கூடாது.

அப்புறம், நேரம். ஊழியர்களுக்கு ஷிப்ட் மாறும் வேளையில், அவர்கள் ஓய்வறையிலேயே நாய் இருக்கட்டும். நோயாளியை விட்டு நகர முடியாதவர்களுக்கு வார்டு வாசலில் ஒரு பெஞ்ச் போதும். அவர் வந்து உட்காரும் அந்தப் பத்து நிமிடம் நோயாளியைப் பார்த்துக்கொள்ள ஒரு தன்னார்வலரை நிறுத்துங்கள். இல்லையென்றால் அவர் எழுந்தே வரமாட்டார்.